சோளக்காட்டில் கூப்பிட்ட பெயர்

சோளக்காடு என்றால் எனக்கு இப்போதும் ஆகாது. காரில் போகும்போது பாதையோரம் காய்ந்த சோளம் காற்றில் சரசரத்தால் கண்ணாடியை ஏற்றிவிடுவேன். மகள் சிரிப்பாள். சிரிக்கட்டும். அவளும் அன்றைக்கு அழுதவள்தான்.

இலையுதிர்காலம் தொடங்கினால் எங்கள் வீட்டுக்கு முதலில் வருவது குளிர் இல்லை, சனீஸ்வரன். புரட்டாதிச் சனி ஒவ்வொன்றுக்கும் என் கணவர் விரதம். காலையில் தலைமுழுகி, ஸ்காபரோவில் உள்ள கோயிலுக்குப் போய், கறுப்புத் துணியில் எள்ளு முடிந்த பொட்டணியை எண்ணெய்ச் சட்டியில் எரித்துவிட்டு வருவார். மத்தியானம் ஒரு நேரம் மரக்கறிச் சாப்பாடு. அதிலும் முதல் பிடி காகத்துக்கு. காகம் தின்னாமல் இவர் வாயில் ஒரு பருக்கை போடமாட்டார்.

கனடாக் காகத்துக்கு இந்த ஏற்பாடு எதுவும் தெரியாது. பின்வளவில் வாழையிலைத் துண்டில் சோற்றை வைத்துவிட்டு இவர் "கா... கா..." என்று கூப்பிட, முதலில் அணில் வரும். அணிலைத் துரத்தினால் வெள்ளைக் கடற்பறவை வரும். "உதுவும் ஒரு சாதிக் காகம்தானே, தின்னட்டும், நீங்கள் வந்து சாப்பிடுங்கோ" என்று நான் சொன்னால் முறைப்பார். பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கையசைப்பார். உண்மையான காகம் வந்து கொத்துவதற்குள் சோறு ஆறி, கறி ஆறி, சமைத்த எனக்குக் கோபமும் ஏறி இறங்கிவிடும்.

அவருக்குச் சீனி வருத்தம் வேறு, நீரிழிவு. அதனால் நான் ஒரு ஒழுங்கு வைத்திருந்தேன். விரதச் சனியில் காலையில் மாத்திரை இல்லை, குளிசை மத்தியானச் சாப்பாட்டோடுதான். அவருடைய டொக்டருக்கு இது தெரியுமா என்று மட்டும் கேட்காதீர்கள்.

இவர் பிறவிப் பக்தர் ஒன்றும் இல்லை. முந்தின வருடம் எனக்கு மார்பில் ஒரு கட்டி வந்தது. வெட்டி எடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள், தலைமயிர் போய்த் திரும்பவும் முளைத்தது, பிழைத்தேன். அந்த நேரம் யாரோ இவரிடம் எனக்கு ஏழரைச் சனி நடக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். அன்று பிடித்த விரதம்.

"சுகமாக்கினது டொக்டர். நன்றியை அவருக்குச் சொல்லுங்கோ" என்றேன் ஒருநாள்.

"அவருக்கும் சொன்னனான். அந்த டொக்டரைக் கொண்டுவந்து விட்டது ஆர்? அவருக்கும் சொல்ல வேணும்."

"சனீஸ்வரனோ கொண்டுவந்து விட்டவர்?"

"நீர் பகிடி பண்ணும். நான் செய்யிறதைச் செய்யிறன்."

நான் பகிடி பண்ணினேன்தான். எனக்குச் சாமி மேல் கோபம் இல்லை, ஆனால் சாமியோடு கணக்கு வழக்கும் இல்லை. எனக்கு இந்தப் பருவத்தில் பிடித்தது வேறு. முதன்முதல் ஹீற்றர் போடும் நாளில் வீடெல்லாம் வரும் அந்தத் தூசி மணம். எங்கள் தெருவில் ஒரு மேப்பிள் மரம், மற்றதெல்லாம் பச்சையாக நிற்க இது மட்டும் முந்திக்கொண்டு சிவக்கும். புது அப்பிளை முதல் கடி கடிக்கும்போது பல் கூசும் அந்தக் கூச்சம். மருந்து ஏற்றிய காலத்தில் வாயில் எல்லாமே இரும்பாகத்தான் இருந்தது. திரும்ப அப்பிள் அப்பிளாக ருசித்த நாளில் நான் குசினி அடுப்படியில் நின்று அழுதேன். அதுதான் கும்பிடுதல் என்று யாராவது சொன்னால் அப்படியே இருக்கட்டும்.

அந்தச் சனிக்கிழமை நன்றி சொல்லும் நாளின் நீண்ட வார இறுதி. ஒட்டாவாவில் வேலை செய்யும் மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். வந்தவுடனேயே, "அப்பிள் பிக்கிங் போவம் அம்மா. லாஸ்ட் இயர் உங்களுக்கு ஏலாமல் போச்சு. திஸ் இயர் கட்டாயம்" என்றாள். மகள் கேட்டால் தகப்பன் மலையையும் நகர்த்துவார், விரதத்தை மட்டும் நகர்த்தமாட்டார்.

"கோயிலை முடிச்சுக்கொண்டு போவம். காகத்தின்ர சோத்தைக் கட்டிக்கொண்டு போவம். தோட்டத்தில காகம் கூப்பிட முதல் வந்து நிக்கும்" என்றார்.

எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. விடியற்காலையில் எழும்பி எள்ளுச் சோறு, கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, வாழைக்காய்ப் பொரியல் எல்லாம் செய்து அடுக்குச் சட்டியில் அடைத்தேன். வாழையிலையைத் துண்டாக வெட்டி ஈரத்துணியில் சுற்றினேன். கோயிலில் சனம் நெரிந்தது. எள்ளுச் சட்டிக்கு வரிசை வாசல் தாண்டி வாகனத் தரிப்பிடம் வரைக்கும் நின்றது. நாங்கள் ஸ்ரௌவ்வில் என்ற ஊரைத் தாண்டித் தோட்டத்துக்குப் போய்ச் சேர மத்தியானம் கடந்துவிட்டது.

அங்கே போனால் ஸ்காபரோத் தமிழரில் பாதி முந்தி வந்து நிற்கிறது. ஒரு குடும்பம் பொரித்த ரோல்ஸ் பெட்டியைத் திறந்து வைத்திருக்கிறது. பூசணிக்காய் மேல் குழந்தையை இருத்திப் படம் எடுக்கிறார்கள். தோட்டத்தின் அந்தப் பக்கம் பெரிய சோளக்காடு. அதற்குள் வளைத்து வளைத்துப் பாதை வெட்டி விட்டிருந்தார்கள். உள்ளே போய் வழி தவறி, வழி கண்டுபிடித்து வெளியே வருவது ஒரு விளையாட்டு. காசு கொடுத்து வழி தவறுகிற சனம் இந்த நாட்டில்தான் உண்டு என்று நான் சொன்னேன். சொன்ன வாய்க்குச் சனி அருகிலேயே நின்றிருக்கிறார்.

மரவாங்கு மேசையில் இலையை விரித்தோம். இவர் வேலிக் கட்டையில் சோற்றை வைத்துக் கூப்பிட்டார். காகம் வரவில்லை. குளவிகள் வந்தன. விழுந்து அழுகிய அப்பிள்களில் மொய்த்தவை எல்லாம் இப்போது எங்கள் கத்தரிக்காய்க் கறிக்கு மேல். மகள் குடிக்க ஏதாவது வாங்கிவருகிறேன் என்று கடைப்பக்கம் போனாள். வாசலில் ருசிபார்க்கத் தந்த ஒரு அப்பிளைப் புடவையில் துடைத்துக் கடித்தேன். நல்ல வெயில், குளிர்ந்த காற்று, வாய் நிறையச் சாறு. கடவுளாணை, அந்த நிமிடம் எனக்கு உலகத்தில் ஒரு குறையும் இல்லை.

அப்போது சோளக்காட்டுக்குள் எங்கோ ஒரு காகம் கத்தியது.

"அங்க நிக்குது. நான் கொண்டுபோய் வச்சிட்டு வாறன்" என்று இலையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு எழும்பினார். வெயில் சுட்டதென்று ஜக்கெற்றைக் கழற்றி, உட்கார்ந்திருந்த வாங்கில் போட்டிருந்தார். அது அங்கேயே கிடந்தது.

"போங்கோ போங்கோ. சொந்தக்காரர் கூப்பிடினம்" என்றேன்.

சிரித்துக்கொண்டுதான் போனார். நடை கொஞ்சம் தள்ளாடியது போல இருந்தது. உழுத நிலம், மேடு பள்ளம், அதுதான் என்று நினைத்தேன்.

மகள் அப்பிள் சைடர் போத்தலோடும் சுடச்சுட டோநட் பையோடும் வந்தாள். "அப்பா எங்க?"

"காகத்துக்குப் பின்னால போயிட்டார்."

இரண்டு பேரும் இருந்து கதைத்தோம். அவளுடைய வேலை, அவளுடைய வீட்டு வாடகை, அவள் இன்னும் சொல்லாத யாரோ ஒருவன். கதை முடிந்தது. இவர் வரவில்லை. நான் அடுக்குச் சட்டியை மூடினேன், திறந்தேன், மூடினேன். ஒருவர் சொன்ன நேரத்துக்கு வராவிட்டால் எனக்கு இருப்புக்கொள்ளாது. இது ஊரிலிருந்து கூடவே வந்த பழக்கம், எத்தனை வருடம் இங்கே இருந்தும் போகவில்லை.

"போன் அடி பிள்ளை."

அடித்தாள். வாங்கில் கிடந்த ஜக்கெற்றுக்குள் போன் பாடியது. பக்கற்றுக்குள் கை விட்டேன். போனோடு சேர்ந்து, சீனி இறங்கினால் வாயில் போடுவதற்கென்று நான் எப்போதும் வைத்துவிடும் இனிப்பு ரொபிகளும் வந்தன. ஒன்றும் குறையாமல் அப்படியே இருந்தன.

"குளிசை போடேல்லைத்தானே. ஒண்டும் ஆகாது" என்று எனக்கு நானே சொன்னேன், வாய்விட்டு.

மகள் என்னைப் பார்த்தாள். "போட்டவர் அம்மா. காலமை நான்தான் எடுத்துக் குடுத்தனான். நீங்கள் குசினியில பிஸி. அப்பா வேண்டாமெண்டு சொல்லேல்லை. குளிசை சாப்பாடு இல்லைத்தானே எண்டு சொல்லித் தண்ணியோட போட்டவர்."

பிள்ளை கையில் வைத்து நீட்டியதை வேண்டாம் என்று சொல்ல அந்த மனுசனுக்கு மனம் வந்திருக்காது. சீனியை இறக்குகிற குளிசை உள்ளே போய்விட்டது. முதல்நாள் இரவுக்குப் பிறகு வயிற்றில் ஒன்றுமே இல்லை. கையில் சோறு இருக்கிறது, காகம் தின்னாமல் அதைத் தொடவும் மாட்டார்.

"ஐயோ கடவுளே" என்று எழும்பி ஓடினேன். இந்த முழங்காலோடு நான் ஓடுவேன் என்று யார் நினைத்தது! மகள் சைடர் போத்தலைக் கையில் பிடித்தபடியே பின்னால் வந்தாள்.

சோளம் என் தலைக்கு மேலே ஒரு முழம் நின்றது. உள்ளே போனால் வானத்தைத் தவிர ஒன்றும் தெரியாது. காய்ந்த இலைகள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம் நாலாபக்கமும். ஒவ்வொரு சத்தமும் ஆள் வருகிற சத்தம் போல இருக்கிறது, திரும்பினால் ஒருவரும் இல்லை. ஒரு வளைவில் திரும்பினேன், முன்னால் சுவர் போலச் சோளம். வேறு வளைவில் திரும்பினேன், முதலில் நின்ற இடத்துக்கே வந்திருந்தேன். அவர் எங்கோ விழுந்து கிடக்கிறார், நான் பக்கத்தால் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன். அந்த நினைப்பைப் போல ஒரு பயத்தை நான் மார்பில் கட்டி வந்தபோதும் அறியவில்லை.

"என்னப்பா!" என்று, வீட்டில் அவரைக் கூப்பிடுகிறபடியே, கத்தினேன். "என்னப்பா! இஞ்சாருங்கோ!"

"என்னப்பா, இஞ்ச நிக்கிறன்!" என்று பக்கத்துப் பாதையிலிருந்து ஒரு குரல். எனக்கு உயிர் வந்தது. விழுந்தடித்து ஓடினால், கருநீல ஸ்வெற்றரோடு வேறு யாரோ ஒருவர். அவரும் தன் மனைவியைத் தேடி நின்றவர். திரும்பவும் கத்தினேன். இன்னொரு பக்கத்தில் இன்னொருவர், "ஓமப்பா, வாறன்!" அன்றைக்கு அந்தச் சோளக்காட்டில் பாதி ஆண்களுக்கு அதுதான் பெயர்.

வேறு நேரமாக இருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அப்போது அந்த மனிதர்களைக் கொன்றுபோடலாம் போல இருந்தது.

மகள் ஆம்புலன்ஸுக்கு அடித்துவிட்டு ஒரு வேலையாளைக் கூட்டிவந்தாள். செம்மஞ்சள் மேலங்கி போட்ட பெரிய உடம்புக்கார வெள்ளைக்காரப் பெண். சோளக்காட்டின் நடுவில் வழி தெரியாதவர்களைப் பார்ப்பதற்காக ஒரு மரமேடை கட்டியிருந்தார்கள். அவள் அதில் ஏறி நின்றுகொண்டு, அவருடைய பெயர் என்ன, பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள் என்று ஆங்கிலத்தில் என்னைக் கேட்டாள்.

எனக்கு வாய் வரவில்லை. கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவருடைய பெயரை நான் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. வங்கியில் கேட்டால் சொல்லுவேன், ஆஸ்பத்திரியில் கேட்டால் எழுத்து எழுத்தாகச் சொல்லுவேன். அவரை நோக்கி அந்தப் பெயர் என் வாயிலிருந்து போனதில்லை. எங்கள் வீடுகளில் அப்படித்தான். சொன்னால் புருசனுக்கு ஆயுள் குறையும் என்பார்கள். சனீஸ்வரனைப் பகிடி பண்ணுகிற நான் இதை மட்டும் ஒருநாளும் சோதித்துப் பார்க்கவில்லை.

"அம்மா, ப்ளீஸ்!" என்று மகள் அழுதாள். "அப்பான்ர பேரைச் சொல்லுங்கோ. நான் அப்பா எண்டு கத்தினால் எல்லா அப்பாவும் திரும்பினம்."

நான் கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன். முழுப்பெயரையும் இல்லை, சின்ன வயதில் தாய் அவரைக் கூப்பிட்டதென்று அவருடைய தமக்கை சொல்லியிருந்த சின்னப்பெயரை. அந்தப் பெயரை இங்கே எழுதமாட்டேன். அடிவயிற்றிலிருந்து கத்தினேன். இன்னொருமுறை கத்தினேன். மூன்றாவது தரம் குரல் உடைந்துவிட்டது. சோளம் மட்டும் சரசரத்துக்கொண்டு நின்றது.

மேடையில் நின்றவள் திடீரென்று கையை நீட்டினாள். பாதையிலிருந்து விலகி, வெட்டாத சோளத்துக்குள், காற்று இல்லாத ஒரு நேரத்தில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் கதிர்கள் ஆடின. அவள் வழி சொல்லச் சொல்ல நாங்கள் சோளத்தை முறித்துக்கொண்டு உள்ளே போனோம்.

இவர் நிலத்தில் உட்கார்ந்திருந்தார். சேட் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. முகம் சாம்பல். ஒரு சோளத் தண்டைப் பிடித்து எழும்பப் பார்த்து, ஏலாமல் திரும்ப இருந்து, திரும்பவும் பிடித்தார். பக்கத்தில் நிலத்தில் வாழையிலை. சோறு ஒரு பருக்கை சிந்தாமல் அப்படியே இருந்தது.

என்னைப் பார்த்தார். யார் என்று தெரியாத பார்வை. அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

மகள் போத்தலைத் திறந்தாள். நான் தலையைப் பிடித்து வாயில் வைத்தேன். வாயை இறுக்கிக்கொண்டார். "காகம்..." என்றார், நாக்குக் குழறியபடி. "காகம் இன்னும்..."

"காகம் திண்டிட்டுது!" என்று கத்தினேன். "வடிவாத் திண்டிட்டுது. குடியுங்கோ!"

குடித்தார். கொஞ்சம் கொஞ்சமாகப் பாதிப் போத்தலைக் குடித்தார். நான் விரத நாளில் பொய் சொன்னேன், அதுவும் சாமி காரியத்தில். இன்னும் ஆயிரம் தரம் சொல்லுவேன். மெல்ல மெல்ல அந்தக் கண்ணுக்குள் ஆள் திரும்பி வந்தார். மகளைப் பார்த்து, "ஏன் பிள்ளை அழுறாய்?" என்றார். பிறகு சுற்றிப் பார்த்தார்.

"அம்மா கூப்பிட்டவ" என்றார் என்னிடம். "பேரைச் சொல்லிக் கூப்பிட்டவ. அதுதான் எழும்பப் பார்த்தனான்."

அவருடைய தாய் செத்து எத்தனையோ வருடம். அவருடைய நனைந்த தலையை என் வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆம்புலன்ஸ் வந்தது. சீனி ஏறிவிட்டது என்றார்கள், ஆனாலும் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுத்தான் விடுவோம் என்றார்கள். நல்ல ஏச்சும் விழுந்தது எங்கள் எல்லோருக்கும். அங்கே பிளாஸ்ரிக் கதிரையில் இருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. முந்தின வருடம் இவர் இப்படி ஒரு கதிரையில்தான் இருந்தார். நான் மயக்கமருந்தில் நிம்மதியாகப் படுத்திருந்தேன். பயந்தது முழுக்க இவர். எனக்கு அன்று ஒரு பின்னேரம் மட்டும் வந்த பயம் இவருக்கு ஒரு வருடம் முழுக்க இருந்திருக்கிறது. அதை எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பது என்று தெரியாமல்தான் மனுசன் காகத்தைப் பிடித்திருக்கிறார். அதைப் போய் நான் பகிடி பண்ணிக்கொண்டிருந்தேன். படுக்கைக்குப் பக்கத்தில் போய் அவர் கையைப் பிடித்தேன்.

"பயந்திட்டீரோ?" என்று கேட்டார்.

"இல்லை. அப்பிள் புடுங்கக் கிடைக்கேல்லை எண்டு கவலை" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அடுத்த சனிக்கிழமைதான் கடைசிப் புரட்டாதிச் சனி. டொக்டரும் சொன்னார், கோயில் ஐயரும் சொன்னார், மருந்து குடிக்கிற உடம்பு சாப்பிட்டுவிட்டுத்தான் சாமி கும்பிட வேண்டும் என்று. காலையில் இடியப்பமும் சொதியும் கொடுத்து, குளிசையும் கொடுத்து, விழுங்கும்வரை பக்கத்தில் நின்றேன். மத்தியானமும் நேரத்துக்குப் போட்டேன். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

"விரதம் குறையாப் போச்சு" என்றார்.

"குறையேல்லை. நான் ஒண்டும் சாப்பிடேல்லை" என்றேன். "எனக்குச் சீனி இல்லைத்தானே. உங்கட காகம் வந்து திண்ட பிறகு சாப்பிடுறன்."

என்னை வடிவாகப் பார்த்தார். பிறகு எள்ளுச் சோற்று இலையைத் தூக்கிக்கொண்டு பின்வளவுக்குப் போனார். நான் பசியோடு இருக்கிறேன் என்றதும் மனுசனுக்கு அந்தரம், பதைப்பு. "கா... கா..." என்று குரல் ஏறியது. நான் குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டு அந்தக் குரலையே கேட்டுக்கொண்டிருந்தேன். குரல் வருகிற வரைக்கும் எனக்கு நிம்மதி. மேப்பிள் இலைகள் யன்னலுக்கு வெளியே ஒவ்வொன்றாக இறங்கின.

பிறகு குரல் நின்றது.

தண்ணீரை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தேன். ஒன்றும் இல்லை. கையிலிருந்த கோப்பை தொட்டிக்குள் விழுந்தது. கதவைத் திறக்க முதலே அந்தப் பெயர் என் வாயிலிருந்து வெளியே போய்விட்டது, பக்கத்து வளவுக்கும் கேட்கும்படி.

இவர் புல்லில் அசையாமல் நின்றார். திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டி, சத்தம் போடாதேயும் என்று விரலை ஆட்டினார். வேலியடியில் ஒரு காகம் சோற்றைக் கொத்திக்கொண்டிருந்தது.

"ஓம்" என்றார் மெதுவாக. "இஞ்சதான் நிக்கிறன். நீர் போய்ச் சாப்பிடும்."

நான் உள்ளே வந்து, இலையைப் போட்டுச் சாப்பிட்டேன்.